படியடியில் வைத்த மெத்தை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், நான்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் சுபோதினியின் வீடு. அவளுக்குப் பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. கணவன் சாரங்கன் இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்ப்பவன். மகள் மிதுனா உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆடி மாதம் மிதுனாவின் முதுகில் வரிசையாகத் தடிப்புகள் கண்டபோது நுளம்புக்கடி என்றுதான் மூவரும் நினைத்தார்கள். மெத்தையின் ஓரத் தையலை விரித்துப் பார்த்த அன்றுதான் விஷயம் விளங்கியது. மையைத் தெளித்ததுபோலக் கறுப்புப் புள்ளிகள். அவற்றுக்கு நடுவே மைசூர்ப் பருப்பின் தோல் நிறத்தில், தட்டையாக, நாலைந்து மூட்டைப்பூச்சிகள்.

சாரங்கன் அன்றைக்கே ஸ்பிரே டின் ஒன்று வாங்கி வந்து அறை முழுக்க அடித்தான். மணம் மூன்று நாள் நின்றது. பூச்சிகள் அந்த அறையை விட்டு ஹோலுக்குப் போயின. ஹோலிலிருந்து மிதுனாவின் புத்தக அலுமாரிக்குப் போயின. காலி வீதி பஸ்ஸில் நின்றபடியே சுபோதினி போனில் தேடித் தேடி வாசித்தாள். பட்டினி கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. சுவர் வெடிப்பிலும் பிளக் பொயின்றுக்குள்ளும் முட்டையிடும். நாம் விடும் மூச்சையும் உடம்புச் சூட்டையும் வைத்தே ஆளைத் தேடி வரும். வாசிக்க வாசிக்க உடம்பெல்லாம் ஊர்ந்ததே தவிர வேறொரு பயனும் இருக்கவில்லை.

ஆளைக் கூப்பிட்டு ஒழுங்காக மருந்தடித்திருக்கலாம். ஆனால் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக் கதை அடுத்த வீட்டுக்குப் போக மீன் வாங்குகிற நேரம் போதும். "மிதுவின்ரை சோதினை முடியட்டும்," என்றான் சாரங்கன். அதுவரை ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிடாமல், ஒருவர் வீட்டுக்கும் போகாமல், உடுப்புகளைச் சுடுதண்ணீரில் அவித்து அவித்துச் சுபோதினியின் கை தோலுரிந்தது. வேலையிடத்தில் கணக்குப் பார்க்கும்போதே கண் சொருகியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரங்கன் மெத்தையைச் சுருட்டிக் கீழே கொண்டுபோய், மாநகரசபை வண்டி எடுக்கட்டும் என்று படியடியில் சாய்த்து வைத்தான்.

"அதைக் கத்தியாலை கிழிச்சு, பூச்சி இருக்கெண்டு ஒரு மட்டையிலை எழுதி ஒட்டுங்கோவன்," என்றாள் சுபோதினி.

"எழுதி ஒட்டினா எந்த வீட்டு மெத்தையெண்டு எல்லாரும் கேக்க மாட்டினமே? பேசாமல் இரும்."

அடுத்த நாள் காலை தேத்தண்ணியோடு பல்கனியில் நின்றபோது, காளியப்பன் அந்த மெத்தையைத் தட்டிப் பார்ப்பதைக் கண்டாள். அவர் கட்டடத்துக்குக் காவல் இருக்கும் வாச்சர்; ஹற்றன் பக்கத்து மனிதர். படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டருக்கு அருகே ஒரு சின்ன அறைதான் அவர் இருப்பிடம். மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் அறைக்குள் போனார். கூப்பிட வாய் வந்தது. எதிர்ப் பல்கனியில் ஆட்கள் நின்றார்கள். பின்னேரம் சொல்லலாம் என்று விட்டாள். பின்னேரம் வந்தபோது நாளைக்கு என்று விட்டாள். மூன்றாம் நாள் அவரே படியில் மறித்து, "யாரோ நல்ல மெத்தய போட்டுட்டுப் போய்ட்டாங்கம்மா. முதுகு வலி கொறஞ்சிருக்கு," என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவளுக்குச் சொல்ல வாய் வரவேயில்லை.

ஐப்பசி மழை பிடித்த ஒரு மாலை, நனைந்த குடையோடு படியடிக்கு வந்தவளின் மூக்கில் ஒரு மணம் ஏறியது. உள்ளிப்பூண்டு மணம் போல இருந்தது. கொஞ்சம் நின்று முகர்ந்தால் பழுதான மீன் போலவும் இருந்தது. காளியப்பனின் அறைக் கதவு சாத்தியிருந்தது. கதவிடுக்கில் பழைய பேப்பர் அடைத்திருந்தது. அவர் வெளியே பிளாஸ்ரிக் கதிரையில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருந்தார். மணிக்கட்டெல்லாம் சொறிந்த காயம்.

"என்ன மணம் காளியப்பன்?"

"மருந்து வச்சிருக்கேன்மா. ரூம்புல ஒரே மூட்டப்பூச்சி. எங்கருந்து வந்துச்சின்னே தெரியல, ராத்திரில கண்ணு மூட முடியல. கொட்டாஞ்சேனையில அரிசி ஸ்டோர்ல மச்சான் ஒருத்தன் இருக்கான். அங்க மூட்டைக்கு நடுவுல வண்டு சாக வைக்கிற குளிசயாம், மாத்தர மாதிரி. அரிசி மூட்டைக்குக் கேக்கிறது இந்த மூட்டைக்கும் கேக்கும்னு குடுத்தான்."

சுபோதினி கதவிலிருந்து பின்னால் நகர்ந்தாள். அந்தக் குளிசையைப் பற்றியும் அவள் வாசித்திருந்தாள். காற்றிலுள்ள ஈரம் பட்டால் அது நச்சுவாயுவாக மாறும். ஆட்கள் வசிக்கும் இடத்தில் வைக்கவே கூடாதது. மழைநாளில் இன்னும் வேகமாகக் கிளம்பும்.

"எவ்வளவு வைச்சனீங்கள்?"

"ஒரு பிடி இருக்கும். கட்டிலுக்குக் கீழ."

"கதவைத் திறக்காதேங்கோ. தண்ணியும் ஊத்தாதேங்கோ. எழும்பி றோட்டுக்குப் போங்கோ, கெதியா!"

மோட்டரிலிருந்து மேலே போகும் குழாய் அந்த அறைக் கூரையைத் துளைத்துக்கொண்டுதான் முதலாம் மாடிக்குப் போகிறது. அங்கே கைருன்னிஸாவும் அவளுடைய இரண்டு வயது மகன் ஹஸனும். கணவன் இஸ்ஸதீன் நுகேகொடைக் கடையிலிருந்து திரும்ப நேரம் செல்லும். சுபோதினி குடையை எறிந்துவிட்டுப் படியேறினாள். ஏறும்போதே மகளுக்குப் போன் எடுத்தாள். "மிது, கதவைப் பூட்டாமல் இறங்கு. மேல்வீட்டுக்காரரையும் கீழ்வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஓடி வா. ஏனெண்டு கேளாதை."

கைருன்னிஸா கதவைத் திறந்தபோது அவள் தோளில், வாந்தியில் நனைந்த சட்டையோடு பிள்ளை துவண்டு கிடந்தான். "நானே ஒங்களக் கூப்பிடப் பாத்தன் அக்கா. புள்ள ரெண்டு தரம் சத்தி எடுத்துட்டான். பகல் சாப்பாடு சரியில்லயோன்னு..." அவளுக்குப் பின்னால் வீட்டுக்குள்ளிருந்தும் அதே உள்ளி மணம் வந்தது.

"சாப்பாடில்லை. கீழையிருந்து நஞ்சுக் காஸ் வருது. ஒண்டும் எடுக்க வேண்டாம், வாரும்!"

தலைக்குப் போட்ட துணியோடு அவள் அப்படியே இறங்கினாள். கொட்டும் மழையில் கட்டடமே ஒழுங்கையில் நின்றது. அம்புலன்ஸுக்கும் தீயணைப்புப் படைக்கும் தடுமாறும் சிங்களத்தில் சுபோதினிதான் சொன்னாள். மூச்சுக்கவசம் போட்டு வந்தவர்கள் அறையைத் திறந்து, குளிசைகளை நனையவிடாமல் உலர்ந்த வாளியில் அள்ளி எடுத்துப் போனார்கள். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, தாங்கள் சொல்லும்வரை ஒருவரும் ஏறக்கூடாது என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஒட்சிசன் கொடுத்து, நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை, இதயத்தைக் கவனித்துக்கொண்டு இருப்பதுதான் வழி என்றார் டொக்டர். தலையிடியோடு வந்த காளியப்பனையும் சோதித்துவிட்டு வெளியே வாங்குப் பலகையில் இருத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். இஸ்ஸதீன் வந்ததும் வராததுமாகக் காளியப்பன்மேல் பாய்ந்தான். "ஒனக்கு அறிவில்லயா? சின்னப் புள்ள ஈக்கிற வீட்டுக்குக் கீழ?"

காளியப்பன் தலையைக் குனிந்தபடி இருந்தார். "தெரியலைங்க தொரை. பூச்சிக்குன்னு தான்..."

சுபோதினி எழும்பினாள். சாரங்கன் அவள் கையைப் பிடித்தான். அவள் அதை எடுத்துவிட்டாள்.

"அந்தப் பூச்சி எங்கடை வீட்டுப் பூச்சி," என்றாள். "மெத்தையிலை மூட்டை இருக்கெண்டு தெரிஞ்சுதான் படியடியிலை வைச்சனாங்கள். இவர் எடுத்துக்கொண்டு போனதையும் நான் பாத்தனான். பாத்தும் சொல்லேல்லை."

கைருன்னிஸா அவளைப் பார்த்தாள். பிறகு திரும்பி வார்ட் கதவைப் பார்க்கத் தொடங்கினாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் காளியப்பன். அதில் கோபமே இல்லை. இருந்திருந்தால் சுபோதினிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஹஸனை இரண்டு நாள் வைத்திருந்து, இதயம் சீராக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பொலிஸ் காளியப்பனிடம் வாக்குமூலம் எடுத்து, எச்சரித்து விட்டது. குளிசை கொடுத்த ஸ்டோரைத் தேடிப் போனது. வாச்சரை நிறுத்த வேண்டும் என்று கட்டடக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, "முதல்லை எங்களை நிப்பாட்டுங்கோ," என்றாள் சுபோதினி. காளியப்பனின் வேலை அப்படியே இருந்தது.

கட்டடத்தார் எல்லோருமாகக் கூப்பிட்டுக் கொட்டாஞ்சேனையிலிருந்து வலன்ரைன் என்பவர் வந்தார். பூச்சிமருந்து அடிப்பதே அவருடைய தொழில். நரைத்த மீசை, படியேறினால் மூச்சு வாங்கும். டோர்ச்சோடு எல்லா வீட்டுக் கட்டில்களுக்கும் கீழே படுத்தெழும்பி வந்து நெற்றியைத் துடைத்தார்.

"ஆறு வீட்டுல இருக்கு. இந்த அம்மாவைத் தவிர மத்த அஞ்சு பேரும் நேத்துத்தான் கண்டதாம்," என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. நாலாம் மாடிச் சோபாவில் இருந்த பூச்சிக் கூட்டம் ஒரு வருடப் பழசு என்றும் சொன்னார். அப்படியென்றால் அது சுபோதினி வீட்டிலிருந்து மேலே போனதா, மேலேயிருந்து அவள் வீட்டுக்கு இறங்கியதா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைக் கேட்டுச் சாரங்கனின் முகம் தெளிந்தது. சுபோதினிக்கு ஒன்றும் லேசாகவில்லை.

கட்டடம் முழுக்க ஒரே நாளில் வேலை நடந்தது. தையல், வெடிப்பு, கட்டில் மூட்டு எல்லாவற்றுக்கும் முதலில் கொதிநீராவி பிடித்தார். பிறகு நீளக் கையுறையும் காற்று வடிகட்டி பொருத்திய முகமூடியும் போட்டு, லேபலைக் கண்ணருகே பிடித்து வாசித்து, மொட்டைமாடியில் வைத்து மருந்தை அளந்து கலக்கினார்.

"இன்னும் கொஞ்சம் கூட விட்டா என்ன?" என்று கேட்டான் சாரங்கன்.

"கூட விட்டா ஆளுக்குத்தான் கேடு. பூச்சி பக்கத்து வீட்டுக்குப் போவும்." வெறும் போத்தலை மூன்று தரம் அலசி, அந்தத் தண்ணீரையும் தோளில் மாட்டித் தெளிக்கும் தாங்கிக்குள்ளேயே ஊற்றிவிட்டு, ஒருவரும் திருப்பிப் பாவிக்காதபடி போத்தலைக் குத்தி ஓட்டையாக்கினார். "முட்டைக்கு இது சரியாக் கேக்காது. அது பொரிக்கட்டும். ரெண்டு கிழமையில திரும்ப வாறன்."

அவர் திரும்ப வந்த ஞாயிறு காலை, உள்ளே மருந்து காயும்வரை எல்லோரும் ரெயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போய் இருந்தார்கள். காளியப்பனுக்கென்று சாரங்கன் வாங்கி வைத்த புது மெத்தையை அவர் வேண்டாம் என்றுவிட்டார். "இரும்புக் கட்டில் போதும்மா. பாய விரிச்சிக்கிறேன்," என்றார். இப்போதும் அவர் காலையில் குட்மோர்னிங் சொல்வார், நின்று கதைப்பதில்லை.

கைருன்னிஸா சற்றுத் தள்ளி இருந்தாள். ஹஸன் மணலில் தத்தித் தத்தி வந்து சுபோதினியின் செருப்பைத் தூக்கிக்கொண்டு நின்றான். தாய் கூப்பிடுவாள் என்று சுபோதினி காத்திருந்தாள். கைருன்னிஸா பார்த்தாள், கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வெயில் ஏறுது. இங்கால நெழல் ஈக்கி," என்றாள், கடலைப் பார்த்தபடியே.

சுபோதினி எழும்பிப் போய் அந்த நிழலில் இருந்தாள். ரெயிலொன்று தெகிவளைப் பக்கமாகக் கத்திக்கொண்டு போனது.

மத்தியானத்தில் வலன்ரைன் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு பாதையைக் கடந்து வந்தார். வியர்வையில் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஜன்னலெல்லாம் திறந்தாச்சு, பின்னேரம் போகலாம். அஞ்சு வீடு சுத்தம். ஒரு வீட்டுல உயிரோட ஒண்டு கண்டன்."

"எந்த வீடு?" என்றாள் கைருன்னிஸா.

"மூணாம் மாடி," என்றார் அவர். "இன்னும் ஒரு தரம் வரணும்."

சுபோதினி ஹஸனின் கையிலிருந்து செருப்பை மெல்ல வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"எங்கடை வீடுதான். இன்னொருக்கா வாங்கோ," என்றாள்.