வெண்ணிலா மிஸ் யார் கட்சி?

ஏனாம் எங்கே இருக்கிறது என்று வெண்ணிலாவுக்கு நன்றாகவே தெரியும். சமூக அறிவியல் டீச்சருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? புதுச்சேரியின் வரைபடத்தைப் போர்டில் வரையும்போதெல்லாம் ஆந்திராவுக்குள் ஒரு புள்ளி வைத்து, "இதுவும் நம்ம ஊர்தான்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். அந்தப் புள்ளியில் போய்த் தானே குடியிருக்க வேண்டி வரும் என்று மட்டும் அவள் நினைத்ததில்லை.

பாகூர் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு அவளுடையது. திங்கட்கிழமை காலை, தலைமையாசிரியர் அப்துல் கனி அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மனுஷன்தான். ஆனால் பயந்தவர்.

"வெள்ளிக்கெழம கிளாஸ்ல எதனா அரசியல் பேசனியாம்மா?"

"பேசனேன் சார்."

"இன்னா பேசன?"

"என் ஓட்டு இந்தத் தடவ சாமிக்கண்ணுக்குத்தான்னு சொல்லிட்டேன் சார்."

அப்துல் கனி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தேர்தல் தேதி அறிவித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தொகுதியில் இப்போது எம்.எல்.ஏ.வாக இருப்பவர் கலைவேந்தன். அவரை எதிர்த்து நிற்பவர் சாமிக்கண்ணு. அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் இந்த நாட்களில் வாயைத் தைத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. போதாக்குறைக்கு, வெண்ணிலாவுக்கு வாக்குச்சாவடி வேலை போட்டு ஆர்டரும் வந்திருந்தது. கலைவேந்தனின் வலது கை பாக்யராஜ். அவன் மகள் மகாலட்சுமி இவள் வகுப்பிலேயே முதல் பெஞ்சு. புகார் அந்த வீட்டிலிருந்துதான் போயிருந்தது.

"மத்தியானம் கல்வித்துறைலேர்ந்து மரியதாஸ் சார் விசாரிக்க வராரு. சஸ்பெண்ட் பண்ணுவாங்களோ, தூக்கி எங்கனா போடுவாங்களோ தெரியல. காரைக்கால்னாகூட சமாளிக்கலாம். ஏனாம்னு போட்டா இன்னா பண்ணுவ?"

அவள் என்ன பண்ணுவாள்? புருஷன் அரிகரனுக்குச் செலியமேட்டில் நெல்லும் கரும்பும். நிலத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவன் ஆந்திராவுக்கு வர முடியாது. பையனுக்கு ஐந்து வயது. அம்மா பக்கத்தில் படுக்காவிட்டால் கண் மூட மாட்டான்.

வெள்ளிக்கிழமை நடந்தது இதுதான். பெண்பிள்ளைகளுக்குப் புதுக் கழிப்பறை கட்டப்போவதாகக் கலைவேந்தன் முன்னொரு நாள் மேளதாளத்தோடு வந்து பூமிபூஜை போட்டுவிட்டுப் போனார். செங்கல் வந்து இறங்கியது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பழைய கழிப்பறையில் தண்ணீர் நின்றுபோய், ஹப்சா என்ற பெண் சாப்பாட்டு வேளையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த வெயிலில் வீட்டுக்கு நடந்தாள். அவள் போவதைப் பார்த்த கையோடு வகுப்புக்குள் நுழைந்த வெண்ணிலாவுக்குக் கொதித்துக்கொண்டு வந்தது.

"செங்கல் எறக்கனதோட சரி, பாத்ரூம் ஏன் இன்னும் கட்டல? போன தடவ கலைவேந்தனுக்குத்தான் ஓட்டு போட்டேன். இந்தத் தடவ என் ஓட்டு சாமிக்கண்ணுக்கு."

சொல்லி முடித்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொட்டியதை அள்ள முடியுமா? அவளுக்கு வேலை போவதைவிட இதுதான் அதிகமாக உறுத்தியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, தான் யார் பக்கம் என்று ஒரு பிள்ளைக்கும் அவள் காட்டிக்கொண்டதில்லை. டீச்சர் சொல்லிவிட்டால் அதுதான் சரி என்று பிள்ளைகள் தலையாட்டிவிடும், அப்புறம் அதுகள் சொந்தமாக எப்போது யோசிக்கும் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சிக்கே துரோகம் செய்துவிட்டாள்.

மரியதாஸ் மத்தியானம் வந்தார். வழுக்கைத் தலை, வியர்த்துப்போன சட்டை, கையில் பேனா. வெண்ணிலாவைத் தலைமையாசிரியர் அறையில் உட்காரச் சொல்லிவிட்டு, பிள்ளைகளைத் தனியாக விசாரிக்க ஒன்பதாம் வகுப்புக்குப் போனார். தனியாக என்று பெயர்தான். இரண்டு அறைக்கும் நடுவே இருந்தது வெறும் பிளைவுட் தட்டி. அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

"பயப்படாம சொல்லுங்க. ஒங்க மிஸ் யார் கட்சி?"

பெஞ்சு ஒன்று நகர்ந்தது. எழுந்தது ராஜேஷாகத்தான் இருக்க வேண்டும். ஏம்பலத்திலிருந்து சைக்கிளில் வருகிற பையன். அவன் வீடு மொத்தமும் சாமிக்கண்ணு பக்கம்.

"மிஸ் கலைவேந்தன் ஆளு சார்."

தட்டிக்கு இந்தப் பக்கம் வெண்ணிலா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எப்படிச் சொல்ற?"

"சாமிக்கண்ணு வந்தா ரேஷன்ல அரிசி போடுவாரு, அதான் நல்லதுன்னு சொன்னேன் சார். அரிசிக்கு பதிலா கலைவேந்தன் சொல்ற மாதிரி பணமா குடுத்தா இன்னா தப்புன்னு ஒரு பீரியட் பூரா என்ன நிக்க வெச்சி சண்ட போட்டாங்க. என்னால பதிலே சொல்ல முடியல."

"பொய் சார்." இது மகாலட்சுமி. "மிஸ் சாமிக்கண்ணு ஆளுதான். பணம்தான் நல்லதுன்னு நான் சொன்னேன். பணம் வந்தா அது அம்மா கைக்குப் போவுமா அப்பா கைக்குப் போவுமான்னு கேட்டு மடக்கிட்டாங்க. நான் எது பேசனாலும் எங்கப்பாவுக்கு எதிராவே பேசுவாங்க."

"எனக்கு எதிராத்தான்டி பேசுவாங்க."

"எனக்குத்தான்டா."

வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது. மரியதாஸ் மேசையைத் தட்டினார். ஒருவழியாக அடங்கியதும், மணப்பட்டிலிருந்து வருகிற ஜெயா, வாயே திறக்காத பெண், மெதுவாகச் சொன்னாள்.

"மிஸ் யார் கட்சியும் இல்ல சார். யார் எழுந்து பேசறாங்களோ அவங்களுக்கு எதிர்க்கட்சி. பாடம் இங்கிலீஷ்ல எடுப்பாங்க, சண்ட மட்டும் தமிழ்ல."

மரியதாஸ் சிரித்துவிட்டார் போலிருந்தது. ஆனால் வந்த வேலையை விடவில்லை.

"வெள்ளிக்கெழம அவங்க வாயாலயே, என் ஓட்டு சாமிக்கண்ணுக்குன்னு சொன்னாங்களாமே?"

வெண்ணிலா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தாள். எதிரே அப்துல் கனி கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் வகுப்பே சிரித்தது.

"அது மகாலட்சுமிய உசுப்பேத்த சொன்னது சார்," என்றான் ராஜேஷ். "இவ எழுந்து பதில் சொல்லணும்னு. இவ அத வூட்ல போய் வத்தி வெச்சிட்டா."

"நான் ஒண்ணும் வத்தி வெக்கல. மிஸ்ஸுக்கு பதில் ரெடி பண்ணணுமேன்னு எங்கப்பாகிட்ட கேட்டேன் சார். செங்கல் எறக்கியும் பாத்ரூம் ஏன் கட்டல, மிஸ் கேக்கறாங்க, நான் இன்னா சொல்லட்டும்னு. அதுக்கு அவருக்குக் கோவம் வந்துடுச்சி."

"அப்பா இன்னா பதில் சொன்னாரு?"

"இன்னும் சொல்லல சார்."

தட்டிக்கு இந்தப் பக்கம் வெண்ணிலாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. அப்பாடா என்றிருந்தது. கூடவே ஒரு சின்னக் கோபமும் எட்டிப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள் மனசிலிருந்ததைச் சொன்னாள். அதையும் இந்தக் குரங்குகள் நம்பவில்லையே.

மரியதாஸ் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

வெண்ணிலாவால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், புள்ளைங்க சொல்றது தப்பு. நான் வெளையாட்டுக்குச் சொல்லல. மனசாரத்தான் சொன்னேன்."

அப்துல் கனி அவளை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்.

மரியதாஸ் சொம்பைக் கீழே வைத்தார். "அம்மா," என்றார். "ஒங்க புள்ளைங்களே நம்பாதத நான் நம்பி இன்னா பண்ணப்போறேன்? ஒங்களால ஒரு புள்ளையாவது மனசு மாறிச்சான்னு பாக்கத்தான் வந்தேன். ஒண்ணும் மாறல. அவனவன் வூட்ல இன்னாவோ அதேதான் இங்கயும். எச்சரிக்கைன்னு எழுதிட்டுப் போறேன். இனிமே ஆளு பேர் மட்டும் சொல்லாதீங்க."

அவர் போனதும் அப்துல் கனி எழுந்து மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். "ஏம்மா, அவரே வுட்டாலும் நீ வுட மாட்டியா?" என்று திட்டினார். திட்டிக்கொண்டே தம் டீயை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதை நிம்மதியாக, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

கடைசிப் பீரியட் அவளுடையது. வகுப்புக்குள் போனதும் மகாலட்சுமி எழுந்து நின்றாள்.

"மிஸ், எங்கப்பாவ மூணு நாளா கேட்டுட்டேன். பதிலே இல்ல. யோசிச்சிப் பாத்தா நீங்க சொன்னதுதான் சரின்னு தோணுது. கலைவேந்தன் சார் நம்மள ஏமாத்திட்டாரு."

ஒரு நொடி வெண்ணிலாவின் மனம் குளிர்ந்தது. ஹப்சா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ராஜேஷ் வெற்றிச் சிரிப்போடு பெஞ்சைத் தட்டினான். மொத்த வகுப்பும் மிஸ் முகத்தையே பார்த்தது. அவள் ஒரு முறை தலையாட்டினால் போதும்.

வெண்ணிலா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஒக்காராத, நில்லு," என்றாள். "ஏமாத்திட்டாருன்னு எத வெச்சி சொல்ற? எம்.எல்.ஏ. ஒருத்தர் நெனச்சா மட்டும் சுவரு எழும்பிடுமா? ஃபைலு எந்த ஆபீஸ்ல நிக்குதுன்னு நீ போய்ப் பாத்தியா?"

கலைவேந்தனுக்காக அவள் வாதாடத் தொடங்கினாள். நன்றாகவே வாதாடினாள்.