இடப்பக்கம் சாயும் பின்னல்

ஃபிர்தௌஸின் இடக்கைக்கு இருந்த கெட்டிக்காரத்தனம் வலக்கைக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் அதை வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. சாப்பிடுவது, எழுதுவது, ஒருவருக்கு ஒன்றை எடுத்து நீட்டுவது எல்லாம் வலக்கையால்தான் என்று அவள் அம்மா ரஹீமுன்னிசா கறாராக இருந்தாள். அம்மா கெட்டவள் இல்லை, நாலு பேர் பேசுவார்களே என்று பயந்தவள். ஆறு வயதுப் பெண்ணின் இடக்கையை முதுகுப் பக்கம் வளைத்து, தன் பழைய ரோஸ் துப்பட்டாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டுச் சோற்றுத் தட்டை முன்னால் வைப்பாள். ஒரு வருஷம் இது நடந்தது. வலக்கை ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. குரோஷா ஊசியைப் பிடிக்கும்போது மட்டும் கேட்கவில்லை.

நுனியில் கொக்கி வைத்த அந்த ஊசி கைக்கு வந்ததும் ஃபிர்தௌஸின் இடக்கை தானாக எழுந்துகொள்ளும். ஒரு வளையத்துக்குள் நூலை இழுத்து அடுத்த வளையம், அதற்குள் இழுத்து அதற்கடுத்த வளையம். விரல் போகும் வேகத்தைக் கண் பிடிக்க முடியாது. முப்பது வயதாகியும், கல்யாணமாகியும், தண்டையார்பேட்டை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டுதான் பின்னுவாள். யாராவது தட்டினால் ஊசியைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். என்னவோ கஞ்சா விற்கிறவள் மாதிரி.

வெளியாட்களில் இதெல்லாம் தெரிந்தவள் மகிழினி ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் கற்ற குரோஷா அவளுக்கும் கொஞ்சம் வரும், வலக்கையால்.

இருவரும் எட்டு வருஷமாகத் திருவொற்றியூரில் ஒரு பேக்கிங் ஷெட்டில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினார்கள். கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ ஏறும் மகிழினி, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்து இடம் பிடித்துவிடுவாள். வழியில் எவர் ஏறிக் கேட்டாலும் "ஆளு வருது" என்று ஒரே பதில். தண்டையார்பேட்டையில் ஃபிர்தௌஸ் ஏறினால்தான் பை நகரும். வீட்டுச் சண்டையோ, புதுச் சட்டையோ, வயிற்று வலியோ, ஃபிர்தௌஸுக்கு எது நடந்தாலும் முதல் போன் மகிழினிக்குத்தான். புருஷன் அப்சலுக்கே அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஒரு மழைநாளில் ஆட்டோ தண்ணீரில் நின்றுபோனபோது, துப்பட்டா கதையை ஃபிர்தௌஸ் அவளிடம் சொன்னாள். கேட்டுவிட்டு மகிழினி அழுதேவிட்டாள். "இந்தக் கையவா கட்டிப் போட்டாங்கோ?" என்று அந்த இடக்கையைப் பிடித்து முத்தம் வைத்தாள். அந்த முத்தத்தை ஃபிர்தௌஸ் ரொம்ப காலம் பத்திரமாக வைத்திருந்தாள்.

ஷெட்டுக்குத் தகரக் கூரை. சித்திரை பிறப்பதற்கு முன்பே உள்ளே இட்லி வேகும். போன கோடையில் மகிழினியின் முதுகெல்லாம் வேர்க்குரு, கொப்புளமாகிப் புண்ணாகி, சட்டையின் தையல் பட்டாலே துடித்துப்போனாள். அப்போதே ஃபிர்தௌஸ் மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். அடுத்த கோடைக்கு இவளுக்குத் தையலே இல்லாத ஒரு டாப் போட்டுத் தர வேண்டும்.

தை மாதக் கடைசியில் யானைக்கவுனிப் பக்கம் போய் மெல்லிய பருத்தி நூல் வாங்கி வந்தாள். வெள்ளரிப் பிஞ்சுப் பச்சை. நூல் மெல்லிசு, ஊசி பெரிசு. அப்போதுதான் பின்னல் தளர்ந்து காற்று உள்ளே புகுந்து வரும், எடையும் தெரியாது. ஓடுகிற ஆட்டோவிலேயே மகிழினியின் உடம்பைச் சாண் வைத்து அளந்தாள். "இன்னாடி, பொணத்துக்கு அளவெடுக்கிறா மாதிரி எடுத்துகினுகீறே!" என்று மகிழினி நெளிந்து சிரித்தாள்.

முன்பக்கம், பின்பக்கம் என்று தனித்தனியாகப் பின்னி இணைத்தால் தையல் வந்துவிடும், தையல் வந்தால் புண்ணில் உரசும். அதனால் அடி ஓரத்தில் தொடங்கி, துணியைத் திருப்பாமல் ஒரே திசையில் சுற்றிச் சுற்றிக் குழாயாக மேலே ஏற்றினாள். இப்படிப் போனால் பின்னல் மெல்ல மெல்ல ஒரு பக்கம் சாயும். வலக்கையால் போட்டால் வலப்பக்கம், இடக்கையால் போட்டால் இடப்பக்கம். ஃபிர்தௌஸ் போட்ட இலை வடிவ ஓட்டைகள் வரிசை வரிசையாக இடப்பக்கம் சாய்ந்து ஏறின. அக்குளில் மட்டும் இரண்டு விரல் கூடுதலாக இடம் விட்டாள். அங்கேதான் மகிழினிக்கு வேர்க்குரு அதிகம்.

பாதி முடிந்திருந்தபோது போனில் ஒரு குழுவில் அந்த அறிவிப்பு வந்தது. பெரம்பூரில் பெண்களுக்கான ஒரு பயிற்சி மையத்தில் குரோஷா சொல்லித்தர டீச்சர் தேவை. கையால் பின்னிய உடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். ஃபிர்தௌஸ் அதைப் பத்துத் தடவை படித்தாள். தகரக் கூரை இல்லாத ஓர் இடம். கட்டிப் போட்ட கையைப் பார்த்து நாலு பேர் கற்றுக்கொள்கிற ஓர் இடம். டீச்சர் என்று ஒரு தடவை தன்னைத் தானே கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் ஆட்டோவில் ஏறியதும் போனை நீட்டினாள். "மகிழு, இத்தப் பாரேன். இந்த டாப்பையே எடுத்துகினு போய்க் காட்டிட்டு, அப்பால உனுக்குத் தரட்டா?"

மகிழினி இரண்டு முறை படித்தாள். சும்மா தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த நாள் அவளே பேச்சை எடுத்தாள்.

"நான் போன் போட்டு விசாரிச்சேன்டி. எடக் கைக்காரி ஆவாதுன்னுட்டாங்கோ. எதுருல குந்தி பாக்குற பொண்ணுங்களுக்குப் பிரியாதாம். நீ வேற நாலு பேரு எதுருல போய் நின்னுகினு, எதுக்கு பேஜாரு? வுடு."

ஃபிர்தௌஸ் விட்டுவிட்டாள். அம்மா சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதோடு நிற்கவில்லை, தனக்காக ஒருத்தி மெனக்கெட்டுப் போன் போட்டுக் கேட்டாளே என்று மகிழினிக்கு நன்றி வேறு சொன்னாள். பின்னாளில் அந்த நன்றியை நினைத்துத்தான் அவளுக்கு வயிறு அதிகம் எரிந்தது.

மாசிக் கடைசியில் டாப் முடிந்தது. மகிழினி அதை மேலே வைத்துப் பார்த்து, "சோக்கா கீதுடி!" என்றாள். போட்டுக் காட்டவில்லை. வெயில் வரட்டும் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வெயில் வருவதற்குள் ஷெட் வேலையை விட்டு நின்றுவிட்டாள். பெரம்பூரில் அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேன்சி ஸ்டோரில் பில் போடுகிற வேலையாம். நல்லா இருக்கட்டும் என்றுதான் ஃபிர்தௌஸ் நினைத்தாள். மெல்ல மெல்ல, கூப்பிட்டால் மகிழினி போன் எடுப்பது குறைந்தது. வேலை அதிகம் போல என்று அதையும் இவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். காலையில் ஆட்டோவில் கிடைத்த இடத்தில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து போனாள்.

ஏப்ரல் மாதம், அறிவிப்பு வந்த அதே குழுவில் ஒரு படம் வந்தது. ஹேங்கரில் தொங்கும் வெள்ளரிப் பிஞ்சுப் பச்சை டாப். கீழே, "நம் மையத்தின் மகிழினி டீச்சர் கைவண்ணம்."

அந்தக் குழுவில் ஃபிர்தௌஸ் இருப்பதை மகிழினி மறந்திருக்க வேண்டும். இல்லை, மறந்து தொலைக்கிற அளவுக்குத்தான் இவளை மதித்திருக்க வேண்டும். ஷெட்டின் நடுவில் நின்றபடி ஃபிர்தௌஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இலைகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அப்போதும் பாருங்கள், ஏதோ தவறு நடந்திருக்கும், பெயரை மாற்றிப் போட்டிருப்பார்கள் என்றுதான் அவள் மனம் சமாதானம் தேடியது. மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பெரம்பூருக்கு பஸ் ஏறினாள்.

மையம் மாடியில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றாள். உள்ளே மின்விசிறிக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலுக்கு முதுகு காட்டி மகிழினி நின்றாள். மையத்தைப் பார்த்துக்கொள்ளும் இசக்கியம்மாள், சுவரில் தொங்கிய டாப்பைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தபடி இருந்தார்.

"மகிழினி, எனக்கு ஒரு சந்தேகம். பிள்ளைக போடுறது எல்லாம் வலப்பக்கமா சாயுது. நீ இங்க போட்டுக் காட்டுறதும் அப்படித்தான் சாயுது. இது மட்டும் ஏன் இடப்பக்கமா போகுது?"

மகிழினி டாப்பின் ஓரத்தை இழுத்து நீவிவிட்டாள். அவள் மாட்டிக்கொண்டாள் என்று ஃபிர்தௌஸ் நினைத்தாள். இனி உண்மையைச் சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டால் போதும், திட்டிவிட்டு மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

"சொல்றதுக்கு வெக்கமா கீது மேடம்," என்றாள் மகிழினி. "நான் நெசத்துல எடக் கைக்காரி. ஆறு வயசுல எங்கம்மா இந்தக் கைய முதுவாண்ட வளச்சி, ரோஸ் துப்பட்டாவால இடுப்போட கட்டிட்டு சோறு வெப்பாங்கோ. ஒரு வருசம். அதுலருந்து நாலு பேரு எதுருல இந்தக் கையால ஊசியத் தொட மாட்டேன். அந்த டாப்ப வூட்ல கதவ சாத்திகினுதான் போட்டேன்."

எங்கே அழ வேண்டுமோ அங்கே அழுதாள். இசக்கியம்மாள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

டாப்புக்குக் கீழே மகிழினியின் பெயரைப் பார்த்தபோதாவது ஃபிர்தௌஸுக்குக் கொஞ்சம் கோபம் வந்திருந்தது. இப்போது வந்தது கோபமில்லை. என் அம்மா, என் கை, நான் பசியோடு தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த வருஷம். இன்னும் என்னவெல்லாம் எடுத்திருக்கிறாள் என்று தன்னைத் தானே தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"அடப் பாவமே, இதுக்கா வெக்கப்பட்டே?" என்றார் இசக்கியம்மாள். "இங்கேயே ரெண்டு பிள்ளைகளுக்கு இடக்கைதான். உன்னைப் பார்த்துப் போட வராம முழிக்குதுக. இடக்கை டீச்சர் ஒருத்தி கிடைக்க மாட்டாளான்னு நானே தேடிக்கிட்டிருந்தேன். இந்தா, அந்தக் கையால ஒரு சுற்று போடு. அதுக பார்க்கட்டும்."

ஊசியை எடுத்து மகிழினியின் இடக்கையில் கொடுத்தார். மகிழினி அதைப் பேனா மாதிரி பிடித்தாள், பிறகு கத்தி மாதிரி பிடித்தாள். நூல் வழுக்கிக்கொண்டே போனது. மூன்றாம் முறை தன்னையறியாமல் வலக்கைக்கு மாற்றினாள். மாற்றிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. பன்னிரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபிர்தௌஸ் உள்ளே வந்தாள். மகிழினியின் கையிலிருந்து ஊசியை வாங்கி, தரையில் உட்கார்ந்தாள். முதல் இரண்டு வளையமும் அவிழ்ந்துபோயின. மூன்றாவது நின்றது. அதன் பிறகு கை யாரையும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக இத்தனை பேர் எதிரில் அது ஓடியது. இலை ஒன்று இடப்பக்கம் சாய்ந்து எழுந்தது. ஓரத்தில் இருந்த ஒரு பெண் தன் ஊசியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீ யாரும்மா?" என்றார் இசக்கியம்மாள்.

"ஃபிர்தௌஸ், மேடம். தண்டையார்பேட்டை. அந்த டாப்பு நான் போட்டது."

இசக்கியம்மாள் மகிழினியைப் பார்த்தார். மகிழினி ஃபிர்தௌஸைப் பார்த்தாள். இந்தத் தடவை நிஜமாகவே அழுதாள்.

"எனுக்கும் அந்தத் தகரத்துக்குள்ள வெந்து சாவப் புடிக்கலடி," என்றாள். "உனுக்குக் கையில வித்த கீது, இது இல்லாட்டி இன்னொண்ணு கெடைக்கும். எனுக்கு இன்னா கீது, சொல்லு?"

ஃபிர்தௌஸ் எழுந்து போய் டாப்பை ஹேங்கரிலிருந்து எடுத்தாள். அக்குளில் விட்ட இரண்டு விரல் இடம் அப்படியே இருந்தது. ஒரு நாள்கூட உடுத்தாத துணி.

"டாப்ப எடுத்துகினே. வேலய எடுத்துகினே. அதுங்கோ போவட்டும்," என்றாள். "எங்கம்மா கட்டுன துப்பட்டாவ ஏன்டி எடுத்தே? அத்த உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

ஃபிர்தௌஸ் டாப்பை அவள் கையில் வைத்தாள். கொடுத்தது இடக்கையால்.

"இந்தா. உன் அளவுக்குப் போட்டது, வேற எவளுக்கும் சேராது. வெய்யில் வந்துடுச்சி, போட்டுக்கோ."

அவள் படியிறங்கும்போது இசக்கியம்மாள் பின்னாலேயே வந்து, திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். ஒரு முறைக்கு இரண்டு முறை சொல்லி, அவள் வாயால் சரி என்று சொல்லவைத்துவிட்டுத்தான் மேலே போனார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இடம் காலியாக இருந்ததால் ஃபிர்தௌஸ் தன் பையை அதில் வைத்தாள். திங்கள் முதல் டீச்சர் என்பது வியாசர்பாடி தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. சட்டென்று ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது. போனை எடுத்தாள். விரல் பழக்கத்தில் நேராகப் போய் மகிழினியின் பெயரில் நின்றது.

அமுக்கவில்லை. ஆனால் வேறு யாருடைய பெயரைத் தேடுவது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. தண்டையார்பேட்டை வரும்வரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.