மேசைக்கடியில் ஒரு சிவப்பு கிடார்

ஃபோர்ட் வொர்த் கிடார் சந்தைக்குள் டார்லா ஹூப்பர் நுழைந்தாலே வியாபாரிகள் சில கிடார்களை மெல்லப் பின்னுக்கு நகர்த்துவார்கள். ஐம்பது வருஷத்துக் கிடாரின் மேல் இருப்பது தொழிற்சாலையில் பூசிய பெயின்ட்டா, பிற்பாடு எவனோ கொட்டகையில் வைத்து அடித்ததா என்று கண்டுபிடித்துவிடுவாள். முதலில் மோந்து பார்ப்பாள். அப்புறம் கைப்பையிலிருந்து ஊதா வெளிச்சம் வீசும் குட்டி டார்ச்சை எடுப்பாள். மறுபெயின்ட் என்று தெரிந்தால் கிடாரின் விலை பாதியாகிவிடும். அதனால் விற்கிறவர்கள் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். டார்லா விடுவாள், அதுவும் கூடமே கேட்கிற மாதிரி.

அன்று அவள் நின்றது ராய்ஸ் ஹாடக்கின் கடை முன்னால். பெரிய தொப்பி, அதைவிடப் பெரிய சிரிப்பு, அதுதான் ராய்ஸ். மேசைமேல் அறுபத்திரண்டாம் வருஷத்துச் சிவப்பு கிடார் ஒன்று மினுங்கியது. டார்லாவின் கணவன் வெஸ் பக்கத்தில் நின்று பிடரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த ஏசிக் குளிரில் அவனுக்கு மட்டும் ஏன் வியர்க்கிறது என்று அவள் யோசிக்கவில்லை.

"அசல் பெயின்ட்டு மேடம். தொழிற்சாலைய விட்டு எப்பிடி வந்துச்சோ அப்பிடியே இருக்கு," என்றான் ராய்ஸ்.

"கண்ணு, வேற கடை பாக்கலாமே," என்றான் வெஸ்.

"நீ போய்ப் பாரு. எனக்கு இப்ப இருட்டு வேணும்."

கூடம் முழுக்க ட்யூப்லைட். அவளுடைய டார்ச் அங்கே எடுபடாது. டார்லா மேசைவிரிப்பைத் தூக்கி, கிடாரை அணைத்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிட்டாள். "கீறிடாதீங்க, மேடம்!" என்று பதறியபடி ராய்ஸ் தவழ்ந்து உள்ளே போனான். பின்னாலேயே வெஸ்ஸும் போனான்.

பழைய பூச்சு அந்த வெளிச்சத்தில் எலுமிச்சைப் பச்சையாய் ஒளிர வேண்டும். இதுவோ கத்திரிக்காய் மாதிரிக் கருத்துக் கிடந்தது. டார்லா ஒரு திருகாணியைக் கழற்றித் துளைக்குள் பார்த்தாள்.

"பெயின்ட்டு அடிச்சுக் காய வச்ச பொறவுதான் அங்க ஓட்டை போடுவாங்க. ஓட்டைக்குள்ள செவப்பு எப்பிடிய்யா போச்சு? கால் மொளைச்சு நடந்து போச்சா?"

ராய்ஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். டார்ச் வெளிச்சம் நேராக அவன் முகத்தில் விழுந்தது. முன்பல் இரண்டும் இருந்த இடத்தில் கருப்பு ஓட்டை.

"ஐயோ ராய்ஸ், ரெண்டு பல்லக் காணமே!" என்றான் வெஸ்.

சொந்தப் பல்தான் அந்த வெளிச்சத்தில் மின்னும். கட்டிய பல் மின்னாது.

"பதறாத, அதுவும் மறுபெயின்ட்டுதான்!" என்றாள் டார்லா. விரிப்புக்கு வெளியே ஏழெட்டு ஜோடி பூட்ஸ் கூடியிருந்தன. அவற்றுக்கு மேலிருந்து சிரிப்பு வெடித்தது.

ராய்ஸ் உதட்டை இறுக்கிக்கொண்டான். "எங்கிட்ட ஏன் சத்தம் போடுறீங்க? கிடார் இப்ப என்னுது இல்ல. காலையிலயே வித்தாச்சு, சாயங்காலம் எடுத்துக்கறேன்னு விட்டுட்டுப் போயிருக்காங்க."

"எந்த மடையன் வாங்கினான்?"

ராய்ஸின் கண் வெஸ் பக்கம் போனது. டார்லா மெதுவாக டார்ச்சைத் திருப்பினாள். வெஸ்ஸின் வெள்ளைச் சட்டை நிலா மாதிரிப் பிரகாசித்தது.

"எங்கிட்ட காட்டாமலேவா?"

"காட்டினா வேண்டாம்னு சொல்லுவியே!"

"சொல்லத்தான் செய்வேன்! அதுக்குத்தானே இருக்கேன்!"

தன் வீட்டுப் பொருளைத் தானே ஊர் முன்னால் பாதி விலைக்கு இறக்கிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்னும் நாலு வார்த்தை திட்டத்தான் நினைத்தாள். ஆனால் வெஸ்ஸின் விரல்கள் அந்தத் தந்திகளைத் தடவிக்கொண்டிருந்தன. இருபது வயதில் பாரில் வாசித்த காலத்திலிருந்தே சிவப்பு கிடார் என்றால் அவனுக்கு உயிர்.

அவள் ராய்ஸ் பக்கம் திரும்பினாள். "பாதிக் காசை எடு. இல்லேன்னா இன்னும் சத்தமாப் பேசுவேன்."

"இதுக்கு மேல சத்தம் இருக்கா?" என்று முனகிக்கொண்டே ராய்ஸ் பணத்தை எடுத்தான். "சத்தியமா எனக்குத் தெரியாது மேடம். அமரில்லோவுல சர்ச்சுல வாசிக்கிற ஒருத்தன்கிட்ட வாங்கினேன். இதோட சேத்து நாலு..."

நாலு என்றதும் அவன் முகம் வெளிறியது. "மேடம், அந்த டார்ச்சக் கொஞ்சம்..."

மீதி மூன்றும் மேசைக்கடியில் போயின. இரண்டு கத்திரிக்காய். மூன்றாவது பச்சையாய் ஒளிர்ந்ததும் ராய்ஸ் அதைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டான்.

வீடு திரும்பும்போது டார்லா மடியிலிருந்த கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெஸ் பயந்துபோய் ஒழுங்காக வண்டி ஓட்டினான்.

"அமரில்லோக்காரன் நம்பர வாங்கினியா?" என்றாள் கடைசியில்.

"ம். போலீசுக்கா?"

"அவன் கை சுத்தமய்யா. ஒரு எடத்துல கூடத் திட்டு இல்ல. நம்ம சமையக்கட்டு அலமாரிக்குப் பெயின்ட்டு அடிக்க அவனத்தான் கூப்பிடணும்."