தோட்டாப் புத்தகத்துக்கு ஒரு சிவப்பு அம்பு

1

இந்தக் கதை காதுக் கோளாறில் பிறந்தது. சிறப்பிதழ் ஒன்றைத் தயாரிக்கும் நண்பர் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டு, தோட்டக் கதை ஒன்று வேண்டும் என்றார். நான் பினாங்குப் பாலத்தில் பேருந்துக்குள் இருந்தேன். என் காதில் விழுந்தது ‘தோட்டாக் கதை’. ஒரு கால் கூடுதல், அவ்வளவுதான். ரப்பர்த் தோட்டத்துப் பால்மரமும் லயன் வீடும் கேட்டவருக்கு வெடிமருந்தோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். விஷயம் புரிந்தபோது பாதிக் கதை முடிந்திருந்தது, தூக்கிப் போட மனம் வரவில்லை.

(அவருக்கு இன்னும் சொல்லவில்லை.)

2

அவர் கேட்டதையே எழுதி ஒப்பேற்றிவிடலாமா என்றும் பார்த்தேன்.

நிபோங் திபாலில், பனி விலகாத காலையில், பால்மரங்களுக்கு நடுவே ஒரு

ஒரு என்ன? தெரியவில்லை. நிபோங் திபாலுக்கு நான் போனதெல்லாம் கல்யாணங்களுக்குத்தான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

துளசிக்குத் துப்பாக்கி என்றாலே

இதுவும் சரியில்லை. துளசிக்குத் துப்பாக்கி என்றால் ஒன்றுமில்லை. வங்கி வாசலில் காவலாளியின் தோளில் பார்த்ததோடு சரி. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பிழை. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், மின்சுற்றுப் பலகைகளில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. குறை எங்கே இருக்கிறதோ அங்கே அரிசி அளவில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு இல்லாமல் எந்தக் குறையும் அடுத்த மேசைக்குப் போகக் கூடாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதைத்தான் செய்கிறாள்.

கதை இங்கிருந்து தொடங்கட்டும்.

3

லீவு நாட்களில் துளசி, ஜெலுத்தோங் பிளாட்டில் இருந்தபடியே கைப்பேசி வழியாகப் பழைய புத்தகங்கள் விற்பாள். டவுனில் மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் நூர் பீவி, கடையை விட்டுவிட்டு மகளோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் கடை துளசிக்கு. கட்டிவிட்டால் தொழிற்சாலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். அந்தக் கடையில் தான் உட்காரப் போகும் ஸ்டூலுக்கு என்ன நிறம் என்பதைக்கூட அவள் முடிவு செய்துவிட்டாள். பச்சை.

நூர் பீவி ஒரு பெட்டியையும் தள்ளிவிட்டார். துப்பாக்கி சுடும் கிளப்பில் இருந்த யாரோ ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது வந்தது. எல்லாம் அட்டையில் தோட்டா படம் போட்ட பழைய ஆங்கிலக் கையேடுகள்.*

“இத வச்சிருந்தா போலிஸ் வருமா துளசி?” என்று கேட்டார் நூர் பீவி.

“பொஸ்தகம்தானேக்கா,” என்றாள் துளசி. அட்டைப் படம் தெரியாதபடி பெட்டியை மட்டும் மூடி வைத்தாள்.

* சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் வெற்றுக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்புவது எப்படி என்று சொல்பவை இவை. எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து என்று பக்கம் பக்கமாக அட்டவணை இருக்கும். மருந்தின் தன்மை காலப்போக்கில் மாறிவிடுவதால் பழைய அட்டவணையை நம்பி நிரப்பக் கூடாது. ஆனால் சேகரிப்பவர்கள் பழையதைத்தான் தேடுகிறார்கள். பயன் போன பிறகுதான் மவுசு வருகிறது. எழுத்தாளர்களுக்கும் சில சமயம் அப்படி நடக்கும் என்று கேள்வி. (என் கைப்பேசி ‘தோட்டா’வையெல்லாம் ‘தோட்டம்’ என்று திருத்திக்கொண்டே இருக்கிறது. எங்கேயாவது ஒன்று தப்பியிருந்தால் நீங்களே அம்பு ஒட்டிக்கொள்ளுங்கள்.)

4

அந்தக் கையேடுகளில் ஒன்றை, அட்டை கிழியாமல், கிறுக்கல் இல்லாமல் இருந்ததை, குளிர்தேசத்துச் சேகரிப்பாளர் ஒருவர் கேட்டார். புத்தகத்தின் நிலையை எழுதி அனுப்புவதற்காகத் துளசி அதையும் அதற்கு அடுத்த பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டினாள். ஒரு வரியில் கண் நின்றது. மருந்தின் அளவில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. அடுத்த பதிப்புக்குள் பதிப்பகத்தாரின் துண்டுச் சீட்டு கிடந்தது: முந்தைய பதிப்பில் அந்த வரி தவறு, அதன்படி நிரப்பினால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும், அந்தப் பிரதியை அழித்துவிடவும்.

விற்பவரிடம் சொல்ல வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். அதாவது வாங்குபவரிடம். (இப்படித்தான் பிழை நேர்கிறது.) துளசி ஒன்றும் மக்கு இல்லை, அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவர் துள்ளிக் குதித்துப் பதில் எழுதினார். அந்தப் பிழைக்காகத்தான் இத்தனை வருஷம் தேடினாராம். அழித்தது போக மிஞ்சியவை சொற்பமாம். இரண்டு மடங்கு விலை தருவாராம், கடை முன்பணத்துக்கு அது சரியாக இருக்கும். ஒரே நிபந்தனை, புத்தகத்தில் பேனாவோ பசையோ படக் கூடாது.

கடைசியில் நட்பாக ஒரு வரி சேர்த்திருந்தார். இது தம் அலமாரிக்கு, தமக்குப் பிறகு மகனுக்கு. பையன் இப்போதே கார் ஷெட்டில் தோட்டா நிரப்பப் பழகுகிறான்.

துளசி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

5

இங்கேதான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. ஜெலுத்தோங்கில் இருக்கும் ஒருத்தி, எங்கோ இருக்கும் பையன் ஒருவனின் கைக்காகக் கவலைப்படுவாளா? நான் படமாட்டேன். ஆனால் நான் தொழிற்சாலையில் அம்பு ஒட்டியவன் இல்லை.

அவள் கணவன் ராமதாஸ் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். அவனுக்கும் புரியவில்லை.

“அந்த ஆளுகிட்டதான் சொல்லிட்டியே, இன்னும் என்னா?”

“அவருக்குச் சொன்னேன். பொஸ்தகத்துக்குச் சொல்லலயே.”

பென்சிலில் எழுதச் சொன்னான். அழித்துவிடுவார்கள் என்றாள். அந்தத் துண்டுச் சீட்டையே உள்ளே வைக்கலாமே என்றான். விழுந்துவிடும் என்றாள். அவள் கைப்பையில் அம்பு ஸ்டிக்கர்கள் இருப்பது அவனுக்குத் தெரியும்.

“அத ஒட்டுனா வாங்க மாட்டான். பீவிக்கா கடையும் போயிரும்.”

“தெரியும்.”

“அப்ப உன் இஷ்டம் லா,” என்றவன், கோபப்படாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

6

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

அம்பை ஒட்டுகிறாள். புத்தகம் திரும்பி வருகிறது. நூர் பீவியின் இடத்தில் யாரோ கைப்பேசி உறை விற்கிறார்கள். திங்கட்கிழமை துளசி ராமதாஸின் பஸ்ஸில் ஏறுகிறாள், டிக்கெட் வேண்டாமா என்று அவன் கிண்டல் செய்கிறான்.

ஒட்டவில்லை. கடை கிடைக்கிறது, பச்சை ஸ்டூலும். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். ஆனால் கையேடு எதைத் தொட்டாலும் முதலில் அந்தப் பக்கத்தைத் தேடி

(இதை முடிக்க எனக்குப் பிடிக்கவில்லை.)

மூன்றாவது, சேகரிப்பாளர் மனம் மாறி, ஒட்டியே அனுப்புங்கள் என்கிறார். சிறப்பிதழ்க்காரருக்கு இது பிடிக்கும். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றுக்கும் முன்னால் எழுதிப் பார்த்த எல்லா வரைவுகளிலும் அவளை ஒட்டவிடாமல் தடுத்தது நான்தான். அவள் அந்தக் கடையில் உட்கார வேண்டும், எனக்கு அவ்வளவு ஆசை. இப்படி ஆசைப்படுகிறவனிடம் முடிவை ஒப்படைப்பது நியாயமில்லை.

7

ஆகவே அவளைத் தபால் நிலையத்தில் நிறுத்தி, முடிவை உங்களிடம் விட்டுவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். மத்தியானம், கூட்டமில்லை. பெட்டி திறந்திருக்கிறது, புத்தகம் அந்தப் பக்கத்திலேயே விரிந்திருக்கிறது. கவுண்டரில் இருக்கும் சலேஹா டேப்பை உருவிப் பிடித்தபடி, முடிந்ததா அக்கா என்று மலாயில் கேட்கிறாள். அவசரமில்லை என்றும் சொல்கிறாள்.

துளசி தாளிலிருந்து உரித்த அம்பு அவள் விரல் நுனியில் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் பசை காய்ந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் என்ன முடிவு செய்தாலும் அது ஒட்டாது.