உதயராஜின் தனி ஷோ

கொச்சிக்காய் என்ற ராக் குழுவை விட்டு விலகி உதயராஜ் முதன்முதலாகத் தனியாகப் பாடிய அன்று, மேடையில் அவரையும் மைக்கையும் தவிர ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் கிட்டாரும் பேஸும் கீபோர்டும் ட்ரம்ஸும் கேட்டன. இரத்தோட்டை மைதானத்தில் அது நடந்தது. அன்றைக்குத் தூறல். முதல் பாட்டுக்குக் கைதட்டினார்கள். இரண்டாவது பாட்டில் சனத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கொழும்பிலிருந்து பதுளை வரைக்கும் கொச்சிக்காயைத் தெரியாத ஆள் இல்லை. அதன் முன்னால் நின்று பதின்மூன்று வருடம் பாடியவர் உதயராஜ். அத்தனை சத்தத்துக்கு நடுவே தன் குரல் எப்படியிருக்கும் என்று அவருக்கே மறந்து போயிற்று. ஒருமுறையாவது வெறும் குரலாக நாலு பேர் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதற்காகத்தான் விலகினார். அவர் போனதும் குழு கலைந்தது. மூன்று பேர் வெளிநாட்டுக்குப் போனார்கள். ட்ரம்ஸ் அடித்த வீரசிங்கம் மாத்தளை டவுனில் த்ரீவீலர் ஓட்டினார்.

ட்ராக் போட்டு ஏமாற்றுகிறான் என்று கூட்டம் கத்தியபோது, சவுண்ட் செட் கொண்டுவந்த அலுவிகாரை ஹஸீப் மேடைக்கு ஏறினார். "வல்லாஹி, என்ட பெட்டியில ஒண்டும் இல்ல, வந்து பாருங்க" என்று சொல்லி எல்லா வயரையும் பிடுங்கிப் போட்டார். ஸ்பீக்கர் செத்தது. உதயராஜ் வாயால் பாடினார், ட்ரம்ஸ் விடாமல் அடித்தது. அதைக் கேட்ட பிறகு ஹஸீபும் அவரை நம்பவில்லை. வயரைச் சுருட்டிக்கொண்டு சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்தது தேயிலைத் தோட்டத்துத் திருவிழா. உடம்புக்குள் ஏதோ பெட்டி ஒளித்து வைத்திருக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்ததால், பாடுவதற்கு முன்னால் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குக் கூட்டிப்போனார்கள். சட்டையையும் செருப்பையும் கழற்ற வைத்து, தராசுக் கொக்கியில் தொங்கச் சொன்னார்கள். முள் ஒரு ஆள் எடை காட்டியது. பாடச் சொன்னார்கள். பாட ஆரம்பித்ததும் முள் ஐந்து ஆள் எடைக்குப் போய் நின்றது. கணக்கப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நனைந்த கொழுந்துக்குக் கழிக்கிற பழக்கம் விடாமல், "ஈரத்துக்கு நாலு கிலோ கழிச்சுக்கங்க" என்றார்.

"மனுசனுக்குமா கழிப்பீங்க?" என்று கூடையோடு நின்ற ஒரு அம்மா கேட்டார்.

"மழையில நனஞ்சுதானே வந்திருக்காரு?"

பெட்டி இல்லை என்று தெரிந்தது. ஆனால் இவ்வளவு பாரத்தோடு ஒரு மனிதன் எப்படிப் படி ஏறுகிறான் என்ற புதுச் சந்தேகம் தோட்டம் முழுக்கப் பரவியது.

வீரசிங்கத்துக்கு இருந்தது வேறு சந்தேகம். உதயராஜுக்குப் போன் எடுத்தார். "மச்சான், நான் அடிச்சத எனக்குத் தெரியாம ரெக்கோட் பண்ணி வச்சிருக்க. பொய் சொல்லாத."

"நீதானடா எனக்குப் பின்னால வந்து அடிக்கிற. என்னத் தனியாப் பாட விடு."

"எனக்கு வேற வேலையில்லையா? ஹயர் ஓடுறதா, ஒன் பின்னால வாறதா?"

அந்த வருடக் கடைசியில் மழைக்கு த்ரீவீலர் புரண்டு வீரசிங்கத்தின் வலது கை முறிந்தது. கையில் மாக்கட்டு இருந்த காலம் முழுக்க, உதயராஜின் ஷோக்களில் ட்ரம்ஸ் ஒற்றைக் கையால்தான் அடித்தது. ஒருநாள் வீரசிங்கமே கட்டுக் கையோடு வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். தன் இடது கை அடிப்பதை ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். பாட்டு முடிந்ததும் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு இருவரும் போனிலும் பேசவில்லை. ட்ராக் என்றவர்கள் செய்வினை என்றார்கள். உதயராஜைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள், கூப்பிட்டவர்களும் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டுக் கூப்பிட்டார்கள்.

போன வருடம் வீரசிங்கம் மாரடைப்பில் இறந்தார். சாவுக்கு வராத உதயராஜ், எட்டாம் நாள், எட்டுப் படைத்த அன்று சாயங்காலம் வந்தார். விறாந்தையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வீரசிங்கத்தின் மனைவி பாலாமணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"அழுறதுக்கும் வரல, சாப்பிடுறதுக்கும் வரல. பாடிப் பாக்கத்தானே வந்தீங்கண்ணே? அவரு போயிட்டாரே, இனிமே சத்தம் வராதுன்னு."

உதயராஜ் ஆமாம் என்று தலையாட்டினார்.

"பாடுங்க. எனக்கும் தெரியணும்."

உட்கார்ந்தபடியே கொச்சிக்காயின் பழைய பாட்டு ஒன்றை எடுத்தார். முதல் வரியில் ஒன்றும் வரவில்லை. கிட்டார் இல்லை, கீபோர்டு இல்லை. கொஞ்சம் கரகரத்த, நினைத்ததைவிட மெலிந்த ஒரு குரல் மட்டும் அங்கே இருந்தது. உதயராஜ் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். அதுதான் அவர் குரல். விறாந்தையில் நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள், எல்லார் காதிலும் விழுந்தது.

கண்ணைத் திறந்தபோது பாலாமணி சுவரோரம் சாத்தியிருந்த இரண்டு ட்ரம்ஸ் குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சாம்பலாகியிருந்தது. அடுத்த வரியை உதயராஜ் அப்படியே பாடியிருக்கலாம். பாடவில்லை. பதின்மூன்று வருடம் வீரசிங்கம் உள்ளே வருவதற்காக எந்த இடத்தில் மூச்சைப் பிடித்து நின்றாரோ அந்த இடத்தில் நின்றார். தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

ட்ரம்ஸ் வந்தது, இரண்டு கையாலும். அதன் பின்னால் மற்ற மூன்றும் வந்தன.

"அவருதான்" என்றார் பாலாமணி. "இந்த எடத்துல எப்பவும் தாளத்த விட்டு முன்னால ஓடுவாரு."

இப்போது உதயராஜின் போஸ்டர்களில் தனி ஷோ என்றுதான் போடுகிறார்கள். எட்டு வீட்டில் நடந்தது ஊருக்குத் தெரிந்த பிறகு சந்தேகப்பட்டுக் கேட்க யாரும் இல்லை. தூரத்து மலையில் ரிவர்ஸ்டன் பக்கம் ஷோ என்றாலும் பாலாமணி பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்காருகிறார். ட்ரம்ஸ் வேகம் எடுத்தால் மேடையின் வெற்றிடத்தைப் பார்த்து, "கொஞ்சம் மெதுவாத்தான் அடிங்களேன், அண்ணன் மூச்சு விடட்டும்" என்பார்.

மெதுவாகும்.