வௌவால் வாய் வைத்த தண்ணீர்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் கண்ணால் பார்க்கத் தெரியாது. பார்ப்பதற்கு முன்னால் படம் பிடித்துவிடுகிறார்கள். சோற்றைப் படம் பிடித்துவிட்டு ஆறிப்போச்சு என்று குறை சொல்கிறார்கள். பிள்ளை தடுக்கி விழுந்தால் தூக்கிவிடக் கை நீளாது, போன்தான் நீளும். விடுதியின் நீச்சல்குளத்தில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் தலை நனைவதற்குள் கரையேறி, படம் சரியாக விழுந்ததா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். காலைக் கழுவிவிட்டு இறங்கவும் என்று போர்டு வைத்திருக்கிறது. அந்தப் போர்டையும் படம் பிடித்துக்கொண்டு, கழுவாத காலோடு இறங்குகிறார்கள்.

அந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவருக்கு விடுதியில் குளோரின் என்றே பெயர். பக்கத்தில் வந்து நின்றால் அந்த வாடைதான் அடிக்கும். எழுத்துக்கூட்டிப் படிப்பார், அதற்குமேல் படிப்பில்லை. யாரையும் நம்பாத குணம் மட்டும் படிக்காமலே வந்திருந்தது. கடைக்காரன் இன்றைக்கு வந்த சரக்கு என்றால் நேற்று வந்தது என்று எடுத்துக்கொள்வார்; டாக்டர் ஒன்றுமில்லை என்றால் என்னவோ இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மாப்பிள்ளை புகைப்படக்காரர். அதுவும் வீட்டோடு மாப்பிள்ளை. அவர் வேலை பார்த்த ஸ்டுடியோவை இழுத்து மூடிவிட்டார்கள். மகளும் மாப்பிள்ளையும் பெட்டி படுக்கையோடு வந்து முன்னறையில் இறங்கினார்கள். அன்றிலிருந்து குளோரின் சொந்த வீட்டில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. மாப்பிள்ளையை வாடா போடா என்று சொல்ல முடியுமா? திட்டுவதென்றாலும் மரியாதையாகத்தான் திட்ட வேண்டும்.

விடுதி வாட்ச்மேனுக்கு இது நல்ல தீனி.

"வௌவால் வீட்டுக்கு வௌவால் விருந்துக்குப் போச்சாம். நானும் தொங்கறேன், நீயும் தொங்குன்னுச்சாம். உங்க வீட்டு நெலைமை அதுதானேண்ணே?"

அவன் நாக்கில் என்ன நேரம் நின்றதோ, சில நாளிலேயே மாப்பிள்ளை வௌவாலோடு வந்து நின்றார். அதாவது வௌவால் பேச்சோடு.

சாப்பிட உட்கார்ந்தபோது மகள்தான் தொடங்கினாள். "அப்பா, மியூசியத்துல படம் எடுக்கற வேலை ஒண்ணு காலியா இருக்கு. பறக்கற உயிர் எதையாவது கூண்டுல அடைக்காம எடுத்து அனுப்பச் சொல்றாங்க. படம் அவங்களுக்குப் பிடிச்சா வேலை. குவார்ட்டர்ஸும் உண்டு."

குவார்ட்டர்ஸ் என்ற சொல் கிழவரின் காதில் தேனாகப் பாய்ந்தது. "அதுக்கென்ன, காக்காவை எடுத்து அனுப்பச் சொல்லு."

"காக்காவை எல்லாரும் அனுப்புவாங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. "உங்க குளத்துக்குப் பொழுது சாயறப்போ வௌவால் வருதில்ல? பறந்துகிட்டே தண்ணியில வாய் வைக்கும். அதை எடுக்கலாம்னு பாக்கறேன்."

"வௌவாலாவது தண்ணி குடிக்கறதாவது! அது எச்சம் போட வருதுங்க."

இதைத்தான் அவர் விடுதி முதலாளியம்மாவிடமும் சொல்லிவைத்திருந்தார். தண்ணீர் கலங்கியிருக்கிறதே என்று யாராவது கேட்டால் விரல் தானாக வானத்தைக் காட்டும். அவர் வாக்கை நம்பி, அந்தியில் குளத்தை மூடிவைக்க ஷீட் ஒன்றுக்கு அந்தம்மா சொல்லியனுப்பியிருந்தார். ஷீட் வந்து சேரும்வரை மாப்பிள்ளை படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று உத்தரவாயிற்று.

மாப்பிள்ளை குளத்தங்கரையில் கடை விரித்தார். கேமரா ஒரு முக்காலியில். இரண்டு ஃபிளாஷ், இரண்டு கம்பத்தில். எதிரெதிர்க் கரையில் தீப்பெட்டி மாதிரி இரண்டு கறுப்புப் பெட்டி. குளோரின் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"பட்டனை எங்கேருந்து அழுத்துவீங்க?"

"அழுத்த வேண்டாம் மாமா. இந்தப் பெட்டியிலேருந்து அந்தப் பெட்டிக்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்ணு போகுது. வௌவால் குறுக்கே வந்தா கேமரா தானா எடுத்துக்கும்."

"வெளிச்சம். ஆனா கண்ணுக்குத் தெரியாது."

"ஆமா மாமா."

"படத்தையும் அதுவே எடுத்துக்கும்."

"ஆமா."

"அப்ப மியூசியக்காரன் வேலையைக் கேமராவுக்குத்தானே குடுக்கணும்? உங்களுக்கு எதுக்குக் குடுக்கறான்?"

மாப்பிள்ளை சிரித்து மழுப்பினார்.

கேமரா எடுக்கத்தான் செய்தது. உதிர்ந்த இலையை எடுத்தது. விட்டில்பூச்சியை எடுத்தது. குளோரின் குப்பை அரிக்க நீட்டிய வலைக்கம்பை அழகாக எடுத்தது. வௌவால் மட்டும் விழவில்லை. பொழுது மங்கியதும் அவை வந்தன. கைக்குட்டையளவு இருக்கும் சின்ன வௌவால்கள். தண்ணீருக்கு ஒரு முழம் மேலே வரும், என்னவோ யோசித்தாற்போல வெட்டித் திரும்பி மேலே போய்விடும்.

அந்தியானால் தண்ணீரை வடிகட்டும் மோட்டாரைப் போடுவது குளோரினின் வழக்கம். மோட்டார் ஓடினால் குழாய்வாயில் தண்ணீர் பீறிட்டு, குளம் முழுக்கச் சுருக்கம் விழுந்த வேட்டி மாதிரி ஆகிவிடும். ஒருநாள் மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, "மாமா, கொஞ்ச நேரம் மோட்டாரை நிறுத்தலாமா?" என்றார்.

"நீங்க படம் பிடிக்கறதுக்கு நான் தண்ணியை நாறவிடணுமா?"

அதோடு மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார். மாமனார் வீட்டில் சாப்பிடுகிறவருக்கு வாய் எவ்வளவு நீளம் இருக்க முடியும்?

ஆனால் ஒரு விஷயம் குளோரினின் மண்டையைக் குடைந்தது. வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், வால்வைத் திருகுகிறவர் போலப் பாவனை செய்துகொண்டு மேலே பார்த்தபடி நின்றார். எச்சம் போட வந்த ஜந்து போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? எதற்கு இறங்குவது, எதற்கு ஏறுவது? கடன் கேட்க வந்தவன் வாசல்வரை வந்து வந்து திரும்புகிற மாதிரி அல்லவா இருக்கிறது?

படம் அனுப்பக் கடைசி நாளன்றுதான் ஷீட் வந்து தொலைத்தது. கொண்டுவந்தவர்கள் மதியமே குளத்தின்மேல் நீலமாக இழுத்துக் கட்டிவிட்டார்கள், தவில் தோல் மாதிரி விறைப்பாக. ஷீட் போட்டிருக்கும்போது மோட்டார் போடக் கூடாது என்றும் சொல்லிப் போனார்கள்.

மாப்பிள்ளை சாயங்காலம் வந்தார். பார்த்தார். குளத்து விளிம்பில் உட்கார்ந்தார். மகள் போனில் கூப்பிட்டபோது, "இல்லம்மா, மூடிட்டாங்க. இனி என்ன எடுக்கறது, காக்காதான்," என்றார். பிறகு ஃபிளாஷ் கம்பத்தின் திருகை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

குளோரினுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவர் சொன்னபடிதானே நடந்தது. ஆனால் குவார்ட்டர்ஸ் கண்முன்னே ஒவ்வொரு திருகாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தது.

அப்போது 'டப்' என்று ஒரு சத்தம். விரல்நுனியால் பலகையைத் தட்டினாற்போல. மறுபடியும் 'டப்'.

குளோரின் டார்ச்சை அடித்தார். ஒரு வௌவால் நேராக இறங்கி, ஷீட்டில் வாயை வைத்து, எழும்பிப் போனது. வட்டமடித்து வந்து மறுபடி வாயை வைத்தது. அதன் பின்னால் இன்னொன்று.

கிழவர் மண்டியிட்டு ஷீட்டைத் தடவிப் பார்த்தார். எச்சம் ஏதாவது கிடைக்கும் என்று தேடினார். இல்லை. கடுகளவு ஈரம் ஒன்று இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். வாடை இல்லை.

"இதுங்களுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா? ஷீட்டை நக்குதுங்க!"

மாப்பிள்ளை ஓடிவந்தார். "கண்ணால இல்ல மாமா, இருட்டுல அது காதாலதான் பாக்கும். கத்தும், அந்தச் சத்தம் மோதித் திரும்பி வர்றதை வச்சு எடம் கண்டுபிடிக்கும். வழவழன்னு மட்டமா இருந்தா அதுக்குத் தண்ணிதான். ஏமாந்துபோகுது."

"காதால பாக்குதா? அப்ப மூக்கால பாடும்னும் சொல்லுங்க." சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்தார். "அது இருக்கட்டும். நேத்து நெஜத் தண்ணியே இருந்துச்சே. அதை ஏன் குடிக்கல?"

மாப்பிள்ளை மோட்டார் அறைப் பக்கம் பார்த்தார்.

"வாயில என்ன பூட்டா? சொல்லுங்களேன்!"

"மோட்டார் மாமா. தண்ணி அலையலையா இருந்தா அதுக்கு அது தண்ணின்னே தெரியாது. அதான் அன்னிக்கு நிறுத்தலாமான்னு கேட்டேன்."

"நிறுத்தலாமான்னு கேட்டீங்க. ஏன்னு சொன்னீங்களா?"

"சொல்ல எங்க விட்டீங்க?" இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாப்பிள்ளை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல்முறை. பேசிவிட்டு அவரே பயந்துபோனார்.

குளோரினுக்குச் சுருக்கென்றது. நாலு வார்த்தை மரியாதையாகத் திட்டலாம் என்று வாயெடுத்தார். அதற்குள் 'டப்' என்று இன்னொன்று ஷீட்டில் வாய் வைத்தது. எத்தனை தரம் ஏமாந்தாலும் அந்தப் பிராணிக்குச் சந்தேகமே வரவில்லை. வருகிறது, நக்குகிறது, வெறும் வாயோடு போகிறது, திரும்ப வருகிறது. இப்படியும் ஒரு ஜென்மம் நம்புமா? அவருக்கு எரிச்சலாக வந்தது. வௌவால் மேலா, ஷீட் மேலா, தன் மேலா என்று பிரித்துப் பார்க்க அவர் நிற்கவில்லை. நேரே போய்க் கட்டை அவிழ்த்தார்.

"அந்த ஓரத்தைப் பிடிங்க."

"மாமா, முதலாளியம்மா..."

"அந்தம்மாகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க போய் உங்க கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைப் போடுங்க."

ஷீட்டைச் சுருட்டி ஒதுக்கினார்கள். கழற்றிய திருகுகளை மாப்பிள்ளை அவசரமாக மறுபடி முடுக்கினார். அடியில் தண்ணீர் கொஞ்சம் தளும்பி, பிறகு அடங்கியது. அந்தக் குளம் அந்தி நேரத்தில் அப்படி அசையாமல் கிடந்து அவர் பார்த்ததே இல்லை. மேகத்தின் கடைசிச் சிவப்பு அப்படியே அதில் படுத்திருந்தது. பழக்கதோஷத்தில் அவர் கை மோட்டார் சுவிட்சுக்குப் போனது. கையை இழுத்து அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டார்.

இருவரும் கரையோரம் குந்தினார்கள்.

இறங்கியது ஒன்று. இந்த முறை வெட்டித் திரும்பவில்லை. பளிச்! தண்ணீரில் ஊசியால் கிழித்தாற்போல ஒரு கோடு. பளிச்! இன்னொன்று. அப்புறம் சரம் கட்டிக்கொண்டு வந்தன. ஒவ்வொரு பளிச்சுக்கும் கிழவர் திடுக்கிட்டார். திடுக்கிட்டதை மறைக்க ஒவ்வொரு தரமும் இருமினார்.

கூட்டம் ஓய்ந்ததும் மாப்பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மாமா, பாருங்க."

பின்பக்கத்துச் சின்னத் திரையில் வௌவால் இருந்தது. இறக்கை இரண்டும் மேலே தூக்கி, உள்ளே விரல்விரலாக எலும்பு தெரிய, தோல் வழியே வெளிச்சம் சிவந்து. கீழ்த்தாடை மட்டும் தண்ணீரில் அமிழ்ந்திருந்தது. ரோஜா நிறத்தில் இத்துனூண்டு நாக்கு. வாயிலிருந்து பின்னால் பாசிமணி அறுந்தாற்போலத் துளிகள். தண்ணீருக்குள்ளிருந்து இன்னொரு வௌவால் தலைகீழாக வந்து அதற்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது.

குளோரின் நெடுநேரம் பார்த்தார். கேமராவைச் சாய்த்துப் பார்த்தார். திரையின் பின்பக்கம் எதுவும் இருக்கிறதா என்றும் பார்த்துவைத்தார்.

"இதுவா வௌவால்? சுண்டெலி குடை பிடிச்ச மாதிரி இருக்கு."

"அதேதான் மாமா. இப்ப நம்ம முன்னாடி குடிச்சுட்டுப் போச்சே, அதுதான்."

"நான் பாத்தப்ப ஒரு கோடுதான் தெரிஞ்சுது. நாக்கு எங்க தெரிஞ்சுது? கண்ணால காண்பதும் பொய்னு சும்மாவா சொன்னாங்க."

"கண்ணுக்குத் தெரியாததைக் காட்டறதுதானே மாமா படம்." மாப்பிள்ளை அங்கேயே நின்றபடி படத்தைப் போனுக்கு மாற்றி மியூசியத்துக்கு அனுப்பினார். முகம் சின்னப்பிள்ளை முகமாகியிருந்தது. "போயிருச்சு மாமா! எச்சம் போட வரலை, தண்ணி குடிக்கத்தான் வருதுன்னு இப்பவாவது ஒத்துக்கறீங்களா?"

"எப்படி ஒத்துக்கறது? குடிக்கறதை எடுத்தீங்க, சரி. போடலேன்னு இதுல எங்க எழுதியிருக்கு? போறப்போ என்ன பண்ணுச்சோ, அதை யார் எடுத்தது?"

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான். குளோரின் சட்டைப் பையில் போன் அடித்தது. மகள்.

"அப்பா, அவர் போனை எடுக்கலை. படம் கெடைச்சுதாப்பா?"

"என்னவோ ஒண்ணு கெடைச்சிருக்கு. வௌவால்னு உன் புருஷன் சொல்றார். மியூசியக்காரனும் நம்பினாலும் நம்புவான். நான் சாட்சிக்கு வரமாட்டேன்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஷீட்டை மறுபடி விரிக்கவா என்று மாப்பிள்ளை கேட்டதற்கு வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டிவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தார். காதால் பார்க்கிறதாம். தெருவுக்கு வந்ததும் நடந்தபடியே ஒரு கணம் கண்ணை மூடி, 'ஹோய்' என்று மெல்லக் குரல் கொடுத்துப் பார்த்தார். சுவரும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. சும்மா கதை விடுகிறார்கள் என்று தலையை உதறிக்கொண்டு போனார்.