எரிய வேண்டிய பல்ப்

பல்ப் எரியவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. கார்களுக்கு வயரிங் வேலை பார்த்தே ஊரில் வயர்க்கா என்று பெயரெடுத்தவள், ரேடியேட்டர் பக்கம் குனிந்து, ஹெட்லைட்டுக்குப் போகும் வயர் கட்டை இன்னொரு தரம் பிடித்து உலுக்கினாள். அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. இரண்டு ஹெட்லைட்டையும் கழற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து கரண்ட் வரும் வழியில் ஒரு சின்ன பல்பைக் கோத்துவிட வேண்டும். வயர் எங்காவது தோலுரிந்து வண்டியின் தகரத்தைத் தொட்டால் அது எரியும். தொடாதவரை சும்மா கிடக்கும். மற்ற வண்டிகளில் அது எரிந்தால் அவளுக்கு எரிச்சல்தான் வரும். இன்றைக்கு அது எரிய வேண்டுமென்று காலையிலிருந்து வேண்டாத தெய்வமில்லை.

அது மாமாவின் வண்டி. மாமா என்றால் அவள் புருஷனின் அண்ணன். அவர்கள் அப்பா வாங்கிய, குண்டு மூஞ்சியும் உருண்டை லைட்டுமாக இருக்கும் பழங்காலத்து கார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, சொந்தக்காரர் வீட்டிலிருந்து திரும்பும்போது அதை ஓட்டியவன் அவள் புருஷன். பக்கத்து சீட்டில் அவனுடைய அண்ணி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வளைவில் வண்டி பாலத்துச் சுவரில் மோதியது. அவனுக்கு நெற்றியில் நாலு தையலோடு போயிற்று. அண்ணிக்கு முட்டிக்குக் கீழே கால் நொறுங்கி, இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். “லைட் திடீர்னு அணைஞ்சிடுச்சு” என்றான் அவன். போலீஸ்காரர் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். உடையாமல் மிஞ்சியிருந்த ஒற்றை லைட் ஜம்மென்று எரிந்தது.

போதாக்குறைக்கு, சின்ன வயசிலிருந்தே அவனுக்கு வீட்டில் தூங்குமூஞ்சி என்றுதான் பெயர். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தூங்குவான், முடிவெட்டும் நாற்காலியில் தூங்குவான், ஒருமுறை பல் தேய்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறான். எல்லோருமாகச் சிரித்துச் சிரித்து வளர்த்த பெயர் அது. அந்த ராத்திரிக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி யாரும் சிரிக்கவில்லை. “தூங்கிட்டேன்னு சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன். பொய் சொல்றான் பாரு” என்ற மாமா, அன்றோடு தம்பி முகத்தில் விழிப்பதை நிறுத்திவிட்டார்.

வயர்க்கா மட்டும் அவனை நம்பினாள். தொழில் தெரிந்து நம்பினாள். இந்த மாதிரி வண்டியில் லைட் சுவிட்சுக்குள்ளேயே ஒரு தகடு உண்டு. வயர் உரசி கரண்ட் கண்டபடி பாய்ந்தால் தகடு சூடேறி விலகி லைட்டை அணைக்கும். ஆறியதும் ஒன்றும் தெரியாத பிள்ளை போலத் திரும்ப ஒட்டிக்கொள்ளும். இதைச் சொன்னபோது, பொண்டாட்டி வேறெப்படிப் பேசுவாள் என்றார்கள். போன வாரம் அண்ணிதான் ஒற்றைக்காலில் நின்று மாமாவைச் சம்மதிக்க வைத்தாள். இரண்டு பேரும் தெருவில் எதிரெதிரே வந்தால் ஒதுங்கிப் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று அழுதாளாம். “குத்தம் வண்டியிலனு காட்டட்டும். நானே வந்து அவன் கையப் பிடிக்கிறேன்” என்று சொல்லி, அன்றிலிருந்து ஷெட்டில் கிடந்த காரை மாமா கட்டி இழுத்து அவள் பட்டறைக்கு அனுப்பிவிட்டார். இன்று சாயங்காலம் வருகிறார்.

“ஸ்டியரிங்கை நல்லா ஒடிங்க. இப்ப அந்தப் பக்கம். கால்ல டிம் சுவிட்ச மிதிங்க.”

புருஷன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சொன்னதையெல்லாம் செய்தான். அவள் சுவிட்சை மாற்றி மாற்றிப் போட்டாள். ஓட்டை வழியே வயர் நுழையும் இடங்களில் ரப்பரைத் திருகிப் பார்த்தாள். பம்பரில் ஏறி நின்று வண்டியைக் குலுக்கினாள். சுவிட்சைக் கழற்றி அடுப்பில் காய்ச்சாத குறையாகச் சோதித்தாள். அப்பா காலத்து வயர் கல் மாதிரி இருந்தது. அவளே புதிதாக இழுத்திருந்தாலும் இவ்வளவு நன்றாக இருந்திருக்காது.

“விட்டுடு” என்றான் அவன் உள்ளேயிருந்து.

“ஏன்? எங்கயோ இருக்கும். கெடைக்கும்.”

அவன் ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுக்கவில்லை. “லைட் அணைஞ்சுதா, நான் கண்ண மூடிட்டேனான்னு எனக்கே தெரியல. இருட்டாச்சு. அவ்வளவுதான் தெரியும்.”

“மூணு வருஷமா அணைஞ்சுதுன்னுதானே சொன்னீங்க?”

“அப்படித்தான் நெனச்சேன். சொல்லிச் சொல்லி இப்ப எது நிஜம்னே பிடிபடல.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவனுக்காக யார் யாரிடமெல்லாம் மல்லுக்கு நின்றாள்! திட்ட வாயெடுத்தவள், அவன் கண்ணுக்குக் கீழே கிடந்த கருப்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அந்தத் தூங்குமூஞ்சி மூன்று வருஷமாக ஒரு ராத்திரிகூட ஒழுங்காகத் தூங்கியதில்லை. பக்கத்தில் படுத்திருப்பவளுக்குத் தெரியாதா?

“போய் டீ வாங்கிட்டு வாங்க” என்றாள்.

அவன் தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ரேடியேட்டர் பக்கத்து ஓட்டையிலிருந்த ரப்பரைப் பிடுங்கி எடுத்தாள். பிளேடால் வயரின் தோலை ஒரு நகத்தளவு சீவினாள். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒட்டப் பழகிய கை, வெட்டப் பழகவில்லை. சீவிய இடத்தைத் தகரத்தில் சாய்த்ததும் பல்ப் பளிச்சென்று எரிந்தது.

டீயோடு திரும்பிய அவனுக்குப் பின்னாலேயே, நாலடி தள்ளி, மாமாவும் அண்ணியும் வந்தார்கள். வயர்க்கா யார் முகத்தையும் பார்க்காமல், “இங்கதான், உரசி உரசித் தோல் போயிருக்கு” என்றாள். வயரைத் தொட வைத்தாள், எரிந்தது. விலக்கினாள், அணைந்தது. அவனுக்கு உண்மையைக் கண்ஜாடையில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அவன் டீப் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு, பல்பைப் பார்த்தபடி, “அப்ப நான் தூங்கல” என்றான். பரீட்சையில் பாஸ் என்று கேட்ட பையனைப் போல, “அண்ணி, நான் தூங்கல” என்றான் மறுபடியும். இனி அவனிடம் எப்படிச் சொல்வாள்?

மாமா சொன்னபடியே தம்பியின் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடாமல் அப்படியே பம்பரில் சரிந்து உட்கார்ந்தார்.

“அப்பா போனப்புறம் ஒரு தடவைகூட இந்த வயரப் பாக்கணும்னு எனக்குத் தோணலையேடா. ஓட்டை வண்டியக் குடுத்து அனுப்பிட்டு உன்னைப் பழி சொன்னேனே. அவ கால ஒடச்சது நான்தான்” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பழியைத் தூக்கி வண்டிமேல் போட்டோம் என்றுதான் வயர்க்கா நினைத்திருந்தாள். அது வண்டிமேல் நிற்காது, வண்டிக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்பது உறைக்கவேயில்லை. “இல்ல மாமா, அப்படியில்ல” என்றாள்.

அண்ணி கம்பை ஊன்றி மெதுவாக வண்டிக்கு முன்னால் வந்தாள். குனிந்து, வயரை விரலால் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“பழசான செம்பு கறுத்துல்ல போகும்?” என்றாள் வயர்க்காவுக்கு மட்டும் கேட்கும்படி. “இது இப்பதான் வெளக்கி வச்ச பாத்திரமாட்டம் மின்னுது.”

“அக்கா…”

அண்ணி நிமிர்ந்து பம்பரின் மறுபக்கம் பார்த்தாள். பெரியவர் குலுங்கிக்கொண்டிருந்தார். சின்னவன் அவர் தோளைத் தடவியபடி, மூன்று வருஷத்தில் முதல்முறையாகக் கொட்டாவி விட்டான். அண்ணியின் கை கம்பின் மேல் இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. கடைசியில் மட்கார்டு மேல் கிடந்த கறுப்பு டேப்பை எடுத்து வயர்க்காவிடம் நீட்டினாள்.

“சுத்திடு.”

வயர்க்கா டேப்பை வாங்கி அதன் நுனியைத் தேடினாள். நகத்தால் கீறிக் கீறிச் சுற்றிவந்தும் நுனி அகப்படவில்லை.